நாலாம் மாடு

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் கோயிலில் பந்தி உண்டு. வேதக்கோயிலைச் சொல்கிறேன். பாதிரியார் வந்து அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார். பிரசங்கம் முடிந்ததும் பெரிய புத்தகத்தை மூடுவார். அதுதான் அடையாளம். திடப்படுத்தல் பெறாதவர்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். சின்னப் பிள்ளைகள் போவார்கள். கப்பலில் புதிதாக வந்து இறங்கியவர்கள் போவார்கள். நானும் போவேன்.

நான்கு வருஷம் அப்படிப் போனேன். வாசலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே நிற்பேன். உள்ளே இருக்கிறவர்கள் முன்கூட்டியே கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிடுவார்கள். குடையையும் கொடுப்பார்கள். சிங்கப்பூரில் மழை சொல்லிக்கொண்டு வராது. எல்லார் கையிலும் குடை இருக்கும். ஒரு தோளில் யாரோ பெற்ற பிள்ளை தூங்கும். இன்னொரு கையில் ஏழெட்டுக் குடை. உள்ளே பாட்டுக் கேட்கும்.

"பால்காரிகிட்ட குடு. அவ வெளியதானே நிக்கப் போறா" என்பார்கள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

எனக்குப் படிப்பு ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு. ஞானஸ்நானமும் அங்கேதான். பிறகு கல்யாணம், கப்பல், இந்த ஊர். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், கால்வாய் ஓரத்தில் எங்கள் மாட்டுக்கொட்டகை. ஐந்து மாடு. என் வீட்டுக்காரர் புல் அறுப்பார், சாணி அள்ளுவார், தவிடு வாங்கி வருவார். கறப்பதும் வீடு வீடாக ஊற்றுவதும் நான். இருபத்திரண்டு வீடு. அவர் கோயிலுக்கு வருகிறவர் இல்லை. தடுக்கிறவரும் இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய பாதிரியார் வருவார். வெள்ளைக்காரர். அவர் தலையில் கை வைத்துத் திடப்படுத்தினால்தான் பந்தியில் சேரலாம். அவர் வருவதற்கு முந்தின வாரம் உபதேசியார் பாடம் நடத்துவார். கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில், பகல் பதினொரு மணிக்கு. சனிக்கிழமை கேள்வி கேட்டுத் தேறியவர்கள் பெயரை எழுதிக்கொள்வார்கள். மூன்று வருஷம் உபதேசியாரிடம் கேட்டேன். மூன்று தடவையும் "வர்ற வருஷம் பாக்கலாம்மா" என்றார்.

நாலாம் வருஷம் கேட்கவில்லை. திங்கட்கிழமை பால் ஊற்றி முடித்துவிட்டு நேராகப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். காலிக் குடம் பக்கத்தில்.

ஏற்கெனவே ஐந்து பெண்கள் இருந்தார்கள். உபதேசியார் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல ஊத்திட்டல்ல? இங்க எதுக்குப் பாலு?"

"பால் இல்ல ஐயா. படிக்க வந்தேன்."

"உன் பேரு எழுதலையேம்மா."

"எழுதுங்க."

பெண்கள் சிரித்தார்கள். அவர் எழுதவில்லை. போகவும் சொல்லவில்லை. பாடத்தைத் தொடங்கினார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பரமண்டல ஜெபமும் விசுவாசப்பிரமாணமும் எனக்குத் தெரியும். நான்கு வருஷம் காதில் விழுந்தது வீண்போகாது. தெரியாதது பத்துக் கட்டளை. வரிசையாக ஒப்பிக்க வேண்டும். உபதேசியார் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எழுத்துக் கூட்டித்தான் என்னால் படிக்க முடியும். ஒரு வரி முடிவதற்குள் முன் வரி போய்விடும்.

அன்று சாயங்காலம் கறக்க உட்கார்ந்தபோது ஒரு வழி பிடித்தேன். எனக்கு ஐந்து மாடு. காலையில் ஐந்து முறை உட்காருகிறேன், சாயங்காலம் ஐந்து முறை உட்காருகிறேன். பத்து. ஒரு மாட்டுக்கு ஒரு கட்டளை. தாளைக் கொட்டகைத் தூணில் செருகிவிட்டு, மாடு மாறும்போது ஒன்று பார்ப்பேன். அந்த மாடு கறந்து முடியும்வரை அதையே சொல்வேன். செவலைக்கு முதல் கட்டளை, வேறு தெய்வம் கூடாது. மயிலைக்கு இரண்டு, சிலை கூடாது. கொம்பு ஒடிந்ததற்கு மூன்று. இப்படிக் காலையில் ஐந்து. சாயங்காலம் மறுபடி செவலை, கொலை கூடாது. மயிலை, விபசாரம் கூடாது. மயிலை திரும்பிப் பார்த்தது.

நாலாவது நின்றது வெள்ளைச்சி. அதன் கன்று செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் கன்றின் தோலில் வைக்கோல் திணித்து வைத்திருந்தார். அதை முன்னால் நிறுத்தினால் நக்கிக்கொண்டே பால் விடும். அதற்குக் காலையில் ஓய்வுநாள் கட்டளை. சாயங்காலம் ஒன்பதாவது, பொய்ச்சாட்சி சொல்லாதே.

வீட்டுக்காரர் புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டே கேட்டார்.

"என்ன புள்ள முணுமுணுக்கிற?"

"பொய் சொல்லக் கூடாதுன்னு படிக்கிறேன்."

அவர் வைக்கோல் கன்றைப் பார்த்தார். "அதை நிறுத்தி வெச்சுக்கிட்டா?"

நான் கறந்தேன்.

செவ்வாய்க்கிழமை உபதேசியார் ஓய்வுநாளைப் பற்றிப் பாடம் நடத்தினார். ஓய்வுநாளில் ஒருவனுடைய மாடு கிணற்றில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். ஒரு தையற்காரர் மனைவி, ஜெபம் பண்ண வேண்டும் என்றாள். எனக்கு வாய் நிற்கவில்லை.

"ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தா மாடு செத்துப் போகும்."

"சரியாச் சொன்ன" என்றார் உபதேசியார். "தூக்கி விடலாம். தப்பில்ல. உயிரைக் காப்பாத்துறது வேலைக் கணக்குல வராது." அந்த வாரத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை எங்களை வெள்ளைக்காரர்களின் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போனார். கடற்கரைத் திடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எப்படி முழங்கால் போடுவது, எப்படிக் கை நீட்டுவது என்று காட்டுவதற்காக. மற்ற பெண்கள் டிராமில் போனார்கள். மின்சார டிராம் அப்போது புதிது. நான் நடந்தேன். தினமும் நடக்கிற கால்தான். அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். டிராம் வழியில் நின்றுவிட்டதாம்.

உள்ளே குளிர்ச்சி. உயரம். முழங்காலுக்குத் திண்டு வைத்திருந்தார்கள். அதில் மண்டியிட்டுப் பார்த்தேன். கொட்டகையில் குந்தி உட்கார்வதைவிடச் சுலபம். காவல்காரர் தமிழர், வயசானவர். வாசலில் ஒரு பெரிய வெட்டவெளி கிடந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை வண்டி நிறுத்த. துரைமாரு உள்ள இருப்பாங்க. குதிரைக்காரன் முப்பது நாப்பது பேரு வெயில்ல குதிரையைப் பிடிச்சிட்டு நிப்பான்."

"உள்ள வர மாட்டாங்களா?"

"குதிரையை யாரு பாக்கிறது?"

நான் மறுபடி திரும்பி அந்த வெட்டவெளியைப் பார்த்தேன். தூங்குமூஞ்சி மரம் அங்கேயும் இருந்தது.

சாயங்காலம் எங்கள் கோயிலில் ஜெபக்கூட்டம். கறந்து முடித்துக் குளித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் மாட்டு வாசனை தலைமுடியிலிருந்து போகாது. என் பக்கத்தில் இருந்தவள் பாயைக் கொஞ்சம் நகர்த்தினாள். நானும் அதே அளவு நகர்ந்தேன், அவள் பக்கமாக. சுவர் வந்ததும் அவள் நிறுத்தினாள்.

வியாழக்கிழமை காலை கிராணியார் வீட்டில் பால் ஊற்றினேன். கிராணியார் என்றால் சர்க்கார் ஆபீசில் எழுத்துவேலை. யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் கோயில் காரியங்களில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் கோட்டுப் போட்டு முதல் பெஞ்சில் உட்காருவார். அவர் மனைவி அன்று பின்வாசலுக்குத் தானே வந்தார்.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை விடிய ரெண்டு படி கூடக் கொண்டு வா. பெரிய பாதிரியார் ஆராதனைக்கு முந்தி எங்கட வீட்டிலதான் தேத்தண்ணி குடிக்கிறார். அவருக்குப் பால் நல்லா வேணுமாம். மறந்துபோகாத."

"சரிம்மா."

"நீயும் படிக்கிறியாம் எண்டு கேள்விப்பட்டன்."

"ஆமாம்மா."

"ஏன் பிள்ளை உனக்கு இந்தக் கரைச்சல்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. சும்மா கேட்டார்.

"வெளிய நின்னு கால் வலிக்குதும்மா" என்றேன்.

நாலைந்து தடவை அவர் குடையையும் நான் பிடித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பத்தும் எனக்கு வந்துவிட்டது. செவலையில் தொடங்கி இரண்டு சுற்று. ஒரு குறை. நடுவிலிருந்து கேட்டால் வராது. ஏழாவது என்றால், மனத்துக்குள் செவலையிலிருந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்துதான் அங்கே போய்ச் சேர முடியும். உபதேசியார் வரிசையாகத்தான் கேட்பார், பயம் இல்லை என்று இருந்தேன்.

சனிக்கிழமை கேள்வி கேட்க உபதேசியாரோடு கிராணியாரும் வந்து உட்கார்ந்தார்.

மற்ற ஐந்து பேரும் தேறினார்கள். தையற்காரர் மனைவி இரண்டு கட்டளையை விட்டுவிட்டாள். பரவாயில்லை என்றார்கள். கடைசியாக நான். உபதேசியார் பரமண்டல ஜெபம் கேட்டார், சொன்னேன். விசுவாசப்பிரமாணம் கேட்டார், சொன்னேன். கிராணியார் கையை உயர்த்தினார்.

"நாலாவது கட்டளை சொல்லு பாப்பம்."

செவலையில் தொடங்கினேன். வாய் மூடியிருந்தது, மடியில் விரல்கள் தாமாகக் கறந்தன. பெண்கள் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். செவலை, மயிலை, கொம்பு ஒடிந்தது, வெள்ளைச்சி.

"ஆறு நாள் வேலை. ஏழாம் நாள் வேலை கூடாது. எனக்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாது, வேலையாளுக்கும் கூடாது, மாட்டுக்கும் கூடாது."

"சரி. நீ ஞாயிற்றுக்கிழமையில என்ன செய்யிறனி?"

அவர் எங்கே வருகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"கறக்கிறேன். ஊத்துறேன்."

"எத்தினை வீட்டுக்கு?"

"இருபத்திரண்டு. உங்க வீட்டோட சேத்து."

உபதேசியார் தாளைப் பார்த்தார். அவர் வீடும் அந்த இருபத்திரண்டில் ஒன்று. கிராணியாரின் முகம் மாறவில்லை.

"ஊத்திறது உன்ர வேலை. குடிக்கிறது எங்களுக்கு வேலையில்லை. ஓய்வுநாளில வியாபாரம் செய்யிறவளைப் பந்தியில சேக்க ஏலாது. அதை விட்டால் சேரலாம். விட ஏலாதெண்டால் வாற வருசம் பாப்பம்."

வருகிற வருஷம். அந்தச் சொல்லை நான் நாலாவது தடவையாகக் கேட்கிறேன். குதிரைக்காரர்களைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவர் என்னைக் கேட்கவில்லை, என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஊத்தலேன்னா சேரலாம்."

"ஓம்."

"நாளைக்கும் ஞாயித்துக்கிழமைதான்."

"ஓம். நாளைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை" என்றார், பொறுமையாக, மந்தமான பிள்ளைக்குச் சொல்வதுபோல. உபதேசியார் மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"சரிங்க" என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"உங்க சாமி ஏழாம் நாளு உக்காந்துட்டாரு, சரி. மாட்டுக்கு யாரு சொல்றது?"

"கன்னுகளை அவுத்து விடுறேன். குடிச்சுட்டுப் போவுது."

"வெள்ளைச்சி?"

"அதைக் கறந்துதான் ஆகணும். மடி கட்டிக்கும். கறப்பேன், ஊத்த மாட்டேன்."

"ஒரு நாளு பாலு இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குவாங்க. கால்வாய்க்கு அந்தாண்ட ரெண்டு பேரு காத்துக்கிட்டு இருக்கானுங்க. இருபத்திரண்டு வீடும் போனா?"

"போகட்டும்."

"போனா என்ன பண்ணுவ?"

"இருபத்திரண்டு வேற வீடு பிடிப்பேன்."

அவர் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டகையிலிருந்து, "எந்தக் கன்னை முதல்ல அவுக்கணும்?" என்று கேட்டார். அதற்குமேல் அவரிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. நான்கு கன்றுகளையும் அவிழ்த்துவிட்டோம். வாழ்நாளில் இப்படி ஒரு நாள் வரும் என்று அவை நினைத்திருக்காது. முட்டி முட்டிக் குடித்தன. இரண்டுக்கு மறுநாள் கழிச்சல் வந்தது, அது வேறு. வெள்ளைச்சியிடம் உட்கார்ந்தேன். அன்றைக்கு வைக்கோல் கன்றை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. கையை மட்டும் வைத்தேன். பால் வரவில்லை. நெற்றியை அதன் விலாவில் சாய்த்துக்கொண்டு அப்படியே இருந்தேன். நெடுநேரம் கழித்துப் பால் விட்டது.

செம்பு நிறையும் சமயத்தில் உபதேசியார் வந்தார். வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்திருந்தார், சாணிக்குப் பயந்து. அவர் எங்கள் கொட்டகைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, கிராணியார் வீட்டுக்குப் பாலு போகலையாமே. பெரிய பாதிரியார் வந்து உக்காந்திருக்காரு."

"ஞாயித்துக்கிழமை ஐயா."

"அது தெரியும். இன்னைக்கு ஒரு நாளைக்கு ஊத்திடு. நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்."

"கட்டளையில இன்னைக்கு ஒரு நாளைக்குன்னு இருக்கா ஐயா? நான் சரியாப் படிக்கலையோ என்னவோ."

அவர் செம்பைப் பார்த்தார். "அதுல இருக்கே."

"இது கன்னு செத்த மாடு. கறக்கலேன்னா மடி வீங்கிடும். கிணத்துல விழுந்த மாட்டைத் தூக்கலாம்னு செவ்வாக்கிழமை சொன்னீங்க. தூக்கிட்டேன். விக்கத்தான் கூடாது."

என் வீட்டுக்காரர் திரும்பி நின்றுகொண்டு புல்லை உதறினார். தேவைக்குமேல் உதறினார்.

"டின்பால் வாங்கிக்கச் சொல்லுங்களேன் ஐயா. சீனன் கடை திறந்திருக்கும்."

"ஞாயித்துக்கிழமை கடையில எப்படிம்மா..." என்று தொடங்கினார். நிறுத்தினார். பிறகு போனார். போகும்போது வேட்டியைத் தூக்கிப் பிடிக்க மறந்துவிட்டார்.

செம்பையும் ஒரு கொட்டாங்கச்சியையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் வைத்தேன். வெளியே வரப்போகிற பிள்ளைகளில் பெரியவளைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் ஊற்றிக் கொடு, சண்டை போடாதீர்கள் என்று சொன்னேன்.

"நீங்க எங்க போறீங்க?" என்றாள்.

"உள்ளே" என்றேன்.

பெரிய பாதிரியார் உயரமான மனிதர். வெள்ளை அங்கி. பாட்டு முடிந்து திடப்படுத்தலுக்கு வரிசையாக நிற்கச் சொன்னார்கள். ஐந்து பேர் நின்றார்கள். நான் ஆறாவதாகப் போய் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. கிராணியார் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். மெதுவாகத்தான் பேசினார். ஆனால் எங்கள் கோயில் சின்னது.

"உன்ர பேர் எழுதேல்லை."

"நீங்க சொன்னதைச் செஞ்சேன். இன்னைக்கு ஒரு வீட்டுக்கும் ஊத்தல."

"அது இண்டைக்கு. வாற ஞாயிறு?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஊற்ற மாட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாரும் வந்து கொட்டகையில் பார்க்கப் போவதில்லை. பக்கத்தில் நின்ற தையற்காரர் மனைவிகூட, "இல்லேன்னு சொல்லு அக்கா" என்று முழங்கையால் இடித்தாள்.

மனம் செவலையிலிருந்து தொடங்கிவிட்டது. நான் வேண்டாம் என்றாலும் நிற்காது. காலைச் சுற்று முடிந்து சாயங்காலச் சுற்று. செவலை, மயிலை, கொம்பு ஒடிந்தது. மறுபடி வெள்ளைச்சி, ஒன்பதாவது.

"கறப்பேன்" என்றேன். "ஊத்துவேன். மாடு ஏழு நாளும் சுரக்குது. பிள்ளைங்க ஏழு நாளும் குடிக்குது. பொய் சொல்லி உள்ள வர மாட்டேன். உண்மையைச் சொல்லி வெளிய போகவும் மாட்டேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கால் நகரவில்லை.

பெரிய பாதிரியார் உபதேசியாரிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டார். உபதேசியார் சொன்னார். பாதிரியார் மறுபடி கேட்டார். உபதேசியார் என் பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமைப் பாலை யார் குடிக்கிறாங்கன்னு கேக்கிறாரு."

"இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேரு. கிராணியார் வீடு. உங்க வீடு." பிறகு, "மாத்தாம சொல்லுங்க ஐயா" என்றேன்.

அவர் நெற்றியைத் துடைத்தார். பிறகு சொன்னார். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் சொல்லும்போது தன் நெஞ்சில் ஒரு விரலை வைத்தார். அதனால் மாற்றவில்லை என்று தெரிந்துகொண்டேன். அந்த ஒன்றுக்காக இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

பெரிய பாதிரியார் கிராணியாரைப் பார்த்தார். அன்று காலை அவர் வீட்டில் பால் இல்லாத தேத்தண்ணீர்தான் குடித்திருந்தார். பிறகு குனிந்து என்னைப் பார்த்து இரண்டு மூன்று சொல் சொன்னார். சிரித்தாரா என்று கேட்டால், இல்லை.

"முழங்கால் போடு" என்றார் உபதேசியார்.

போட்டேன். தலையில் கை விழுந்தது. கனமான கை.

பாதிரியார் என்ன சொன்னார் என்று பிறகு உபதேசியாரிடம் கேட்டேன். "சொல்றேம்மா" என்றார். இரண்டு மூன்று தடவை கேட்டேன். அவர் தன் ஊருக்குத் திரும்பிப் போகும்வரை சொல்லவில்லை. நானும் விட்டுவிட்டேன். கை விழுந்தது போதும்.

பிரசங்கம் முடிந்து புத்தகத்தை மூடினார்கள். பிள்ளைகள் எழுந்து ஓடினார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் வழக்கம்போல என் மடியில் தன் கைக்குழந்தையை வைத்தாள். குடையையும் நீட்டினாள்.

"நான் உள்ள இருக்கேன்க்கா" என்றேன். குழந்தையைத் திருப்பிக் கொடுத்தேன்.

குடைகளைச் சுவரோரமாகச் சாய்த்தார்கள். கைக்குழந்தைகள் உள்ளேயே இருந்தன. பந்தி முடியும்வரை மாற்றி மாற்றி அழுதன. பாட்டு யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

வாசலுக்கு வந்தபோது செம்பு காலி. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள் அந்தப் பெரியவள்.

மறுநாள் இருபத்திரண்டு வீட்டில் மூன்று வீடு இல்லை. அங்கே கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆள் பால் ஊற்றப் போய்விட்டான். கிராணியார் வீடு அந்த மூன்றில் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பால் வேண்டாம், சனிக்கிழமை இரண்டு மடங்காக ஊற்று என்று கிராணியார் சொல்லி அனுப்பினார். சரி என்றேன். ஊற்றினேன். மூன்று வாரம்.

நாலாவது ஞாயிறு விடியற்காலை அந்தத் தெருவில் போய்க்கொண்டிருந்தேன். பின்வாசலில் கிராணியார் மனைவி பாத்திரத்தோடு நின்றார்.

"பிள்ளை, சனிக்கிழமைப் பால் விடியிறதுக்குள்ள திரைஞ்சு போகுது."

"இந்த ஊரு வெக்கைம்மா."

"அவர் மூண்டு ஞாயிறாய் வெறுந்தேத்தண்ணி குடிக்கிறார். ஒருத்தரோடயும் பேசிறாரில்லை." பாத்திரத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். "இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை எண்டு எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்மா."

குடத்தை இறக்கினேன். அவர் பாத்திரத்தில் ஊற்றினேன். வெள்ளைச்சியின் பால். மீதி வீடுகளையும் முடித்தேன். கால்வாய்ப் படியில் கை கழுவிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அன்று மாதத்தின் முதல் ஞாயிறு. முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தேன். புத்தகத்தை மூடினார்கள். நான் எழுந்திருக்கவில்லை.